திரைச்சீலையின் மஞ்சள் மூலை

இலஞ்சி,
ஐப்பசி முதல் வாரம், செவ்வாய் மத்தியானம்.

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதவேண்டிய இடம் இது, எழுதிவிட்டேன், எவ்வளவு சுகம் என்பதைப் போகப் போக நீயே பார்த்துக்கொள்வாய். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பொடிசும் அந்த டப்ளின் குளிரில் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று இலஞ்சிக் குமாரரிடம் தினமும் சொல்லிவைக்கிறேன், அவருக்கே என் குரல் அலுத்திருக்கும். போன் இருக்கும்போது இந்தப் பொம்பளைக்கு என்ன கடுதாசிப் பவிசு என்று சிரிப்பாய். சிரிக்காதே. போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் போனில்தான் அவர்கள் நாள்பூரா அரசியல் வீடியோ பார்க்கிறார்கள். அதோடு, மாசமாக இருக்கிற பிள்ளையிடம் இந்தச் சமாச்சாரத்தைச் சொல்லவே கூடாது என்று குமாரர் சன்னதியில் சூடம் கொளுத்திச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். வாயைத் திறந்து சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். இப்போது என் வாய் மூடித்தான் இருக்கிறது. நம் தெரு ஏசுதாசன் சார் மகள் பெர்சிஸ் நர்ஸ் வேலைக்கு உன் ஊருக்கே வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்காதே என்று சொன்னால் கண்டிப்பாகப் படிப்பாள், அதனால் சொல்லவில்லை.

முதலில் துணிக் கதை. நீ பிரசவத்துக்கு வந்து படுக்கப்போகிற மேற்கு அறையில் பாலியெஸ்டர் திரையோ விரிப்போ இருக்கக்கூடாது, அதிலிருந்து உதிர்கிற பிளாஸ்டிக் தூசி பச்சைப்பிள்ளை மூச்சில் போகும், எல்லாவற்றையும் ஹெம்ப் துணிக்கு மாற்று என்று ஆடி மாசமே உத்தரவு போட்டுவிட்டாய். நானும் நம் வயலில் உரத்துக்கு மடக்கி உழுகிற சணப்புச் செடிதானாக்கும் என்று தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது கஞ்சாச் செடிக்கு அக்காள் தங்கை முறை, ஆனால் போதை கிடையாது, கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துப் பூச்சிமருந்து கேட்காமல் வளருமாம், அந்தத் துணி சாரல் காலத்திலும் லேசில் பூஞ்சை பிடிக்காதாம், துவைக்கத் துவைக்க மெதுவாகுமாம். தண்ணீர் குறைவாகக் குடிக்கிற செடி என்று உன் அப்பாவிடம் சொன்னேன், காலையிலிருந்து நாலாவது காப்பியைக் குடித்துக்கொண்டே ரொம்ப நல்ல குணம் என்றார்கள். தென்காசியில் ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஏறி இறங்கினேன், ஒரு கடையில், சாக்கு வேணும்னா மார்க்கெட்டுப் பக்கம் போங்க ஆச்சி என்று சொல்லிவிட்டார்கள். சாக்கு என்றது வலிக்கவில்லை, ஆச்சி என்றதுதான் வலித்தது, இன்னும் நரைக்கு மை கூடப் பூச ஆரம்பிக்கவில்லை நான். சரி, அது பொய், விடு. கடைசியில் வடக்கே மலைப்பக்கம் நெய்கிறவர்களிடமிருந்து கூரியரில் வரவழைத்தேன். மண் நிறம், தொட்டால் மொரமொரவென்று இருந்தது, தையல்கார சுகந்தி ஊசியை ஒடித்துக்கொண்டு, அக்கா நீங்க பிள்ளைக்குத் திரை தைக்கியளா, லாரிக்குத் தார்ப்பாய் தைக்கியளா என்று கேட்டாள். மூன்று தடவை கிணற்றடியில் ஊறவைத்துத் துவைத்தேன், நீ சொன்னது நிஜம்தான், காயக் காய அது நம் கைக்கு இணங்கி வந்தது. பிடித்துப்போய்த் தலையணை உறைகூட அதிலேயே தைக்கச் சொன்னேன்.

பார்சல் வந்த அன்று உன் அப்பாவின் சித்தப்பா மகன் குத்தாலிங்கம் இங்கேதான் இருந்தார். துணியை மோந்து பார்த்துவிட்டு, மதினி, இதைப் பத்தவச்சா ஏறுமா என்றார். உங்களுக்கு ஏறவேண்டியதெல்லாம் தோப்பு வித்த அன்னைக்கே ஏறிட்டே கொழுந்தனாரே என்றேன். நம் வீட்டுக்குப் பின்னால் அவருடைய தென்னந்தோப்பு இருந்ததே, அதை ரிசார்ட் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார், நீ போனதடவை வந்தபோது இருந்த ஒரு தென்னைகூட இப்போது இல்லை. லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நம் மேற்குச் சுவரோடு சேர்த்து ஜன்னல் உயரத்துக்கு மேடாக்கிவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் மண், வேறு ஒன்றும் தெரியாது. தோப்போரமாக ஓடி மலைத்தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோன வாய்க்கால் அதற்கு அடியில் எங்கோ கிடக்கிறது. நீ குழந்தையோடு படுத்து அந்த மண்ணைப் பார்க்கவேண்டாம் என்றுதான் ஹெம்ப் துணியை மேலிருந்து கீழே வரை சுவர் முழுக்க ஒரே திரையாகத் தொங்கவிட்டேன். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் நம் வீட்டில் எதையும் மாட்டியதில்லை, நாலு மூலையிலும் விரலால் தொட்டு வைத்தேன். கீழ் மூலை இரண்டும் சுவரைத் தொட்டுக்கொண்டு கிடந்தன.

அப்புறம் நடந்ததைக் கேள். மழை ஒரு சொட்டு இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் காலையில் திரையை ஒதுக்கினால் ஈரச்சேலை மாதிரிக் கனக்கிறது. பழைய பாலியெஸ்டர் திரை இத்தனை வருஷமாக அங்கே தொங்கி ஒரு நாளும் கனத்ததில்லை, அதில் தண்ணீர் ஒட்டாதே. இரண்டாம் நாள் பெருக்கப்போனவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். நான் மஞ்சள் வைத்த கீழ் மூலை சிவந்திருந்தது. லேசான சிவப்பில்லை, காயத்தில் வைத்து எடுத்த பஞ்சு மாதிரி. உன் அப்பா பார்த்துவிட்டு முகம் செத்துப்போய், கண்ணேறுளா இது, பிள்ளை வரப்போற அறையில ரத்தம் காட்டுது என்றார்கள். குத்தாலிங்கம், நான் அன்னைக்கே சொன்னேன்லா, அந்தச் சனியன் செடித் துணியைப் பிள்ளைத்தாச்சி அறையில மாட்டலாமா, முச்சந்தியில போட்டுக் கொளுத்துங்க என்றார். மூன்று பேரும் சேர்ந்து துணியைத்தான் திட்டினோம், சுவரை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உன் அப்பா எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, அறுத்து அந்த மூலையில் பிழிந்தார்கள். ஏட்டி, பிழிந்த இடத்தில் சிவப்பு போய் மறுபடி மஞ்சளாகிவிட்டது. பாத்தியா, திருஷ்டி எறங்கிட்டு என்று அன்றைக்கு முழுக்க மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள், நானும் தேங்காய் உடைத்தேன். மூன்று நாளில் மறுபடி சிவந்தது, இந்தத் தடவை சாண் உயரத்துக்கு ஏறி, ஈரத்தில் மஞ்சள் கரைந்து பரவிய இடமெல்லாம்.

போனதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆய்க்குடியில் நம் ஜெயபிரியாவுக்கு வளைகாப்பு. ஆரத்தி கரைக்க என்னைத்தான் உட்காரவைத்தார்கள், இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆரத்தி கரைத்துக் கரைத்தே வயசானவள் நான். தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து, ஒரு நகம் சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டேன், தண்ணீர் சிவந்தது. எப்போதும் சிவக்கிறதுதான். ஆனால் அன்றைக்கு என் கை அப்படியே நின்றுவிட்டது. என்னக்கா, பேயறைஞ்சாப்ல இருக்கிய என்று சிரித்தார்கள். என் கையாலேயே எத்தனை கல்யாணத்துக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சிவக்கவைத்திருக்கிறேன், என் வீட்டு மூலையில் அதே சிவப்பைப் பார்த்ததும் எலுமிச்சம்பழம் வாங்க ஓடியிருக்கிறேன் பார், என்னைவிடப் பெரிய மண்டு இந்த ஜில்லாவில் உண்டா. சாப்பிடாமல்கூட ஆட்டோ பிடித்து வந்து திரையைத் தூக்கிச் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உன் அப்பா பளபளவென்று அடித்துவைத்த பெயின்ட் தோல் மாதிரி உள்ளே போனது, பின்னாலேயே விரலும் போனது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரையும் மேலே பூசிய சிமெண்டும் கரைந்து தோசைமாவு மாதிரி வெளியே வருகிறது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம், நிற்கும், மறுபடி குடிக்கும். நமக்குத்தான் மழை இல்லை, மலையில் கொட்டுகிறது, குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அந்தத் தண்ணீருக்குப் பழைய வழி மூடிப்போய், மண்ணுக்குள்ளேயே வந்து நம் சுவரில் நிற்கிறது. அந்த அறையில் இருந்த பல்லிகளைக்கூட இப்போது காணவில்லை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் போகிறது.

நம் கொத்தனார், அதான் கடற்கரை, அவரைக் கூட்டிவந்து காட்டினேன். அந்த மனுஷன் எப்போதும் சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார், இந்தச் சுவரைத் தட்டவே இல்லை. இங்கன யாரு படுக்கா என்று மட்டும் கேட்டார். யாரும் இல்லை, மகள் வரப்போகிறாள் என்றேன். முதல்ல ஆளை எடுங்க, சுவரைப் பெறவு பாப்போம், பெருமழைக்கு முந்தி எடுத்திருங்க என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். உன் அப்பாவிடம் சுவர் என்று ஆரம்பித்தாலே பிடித்துக்கொள்கிறார்கள். சுவருக்கு என்னளா, எங்க தாத்தா கட்டுன சுவரு, யானை முட்டினாலும் நிக்கும் என்கிறார்கள். ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டும், அவர்கள் சொல்லமாட்டார்கள். அந்த வாய்க்காலில் தண்ணீர் வருவதே இல்லை, மூடினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டியிருந்ததாம். அண்ணாச்சி, உங்க ஒரு கையெழுத்துதான் என்று குத்தாலிங்கம் வந்து நின்றதும் யோசிக்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கைநீட்டி ஒன்றும் வாங்கவில்லை, பூமிபூஜையில் முன்வரிசையில் ஒரு நாற்காலியும் தோளில் ஒரு துண்டும், அவ்வளவுதான். இப்போது சுவர் ஊறுகிறது என்று ஒத்துக்கொண்டால் பேரப்பிள்ளை படுக்கிற அறையைத் தன் கையாலேயே கெடுத்தோம் என்று ஆகும். அந்த மனசுக்குக் கண்ணேறு எவ்வளவோ மேல், கண்ணேறு என்றால் பழி ஊரார்மேல் போய்விடும்.

அதனால் அம்மா என்ன செய்தேன் தெரியுமா. ஆய்க்குடி ஜோசியர் சொன்னதாக ஒரு பொய் சொன்னேன். மஞ்சள் சிவந்த வீட்டில் பிள்ளை பிறக்கக்கூடாது, குடும்பம் மொத்தமும் வேறு வீட்டுக்கு மாறவேண்டும் என்று சொல்லிவிட்டார் என்றேன். ஜோசியர் பாவம் என்னைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. உன் அப்பா உடனே நம்பி, தென்காசியில் கோயில் பக்கம் மாடியில் ஒரு வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. நான் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கே பாயசம் வைத்துக் குடித்தேன். அவசரப்பட்டு வைத்த பாயசம். முந்தாநாள் சொல்கிறார்கள், நீயும் பிள்ளையும் அங்கன இருங்க, நான் இந்த வீட்டுலயே கிடக்கேன், பூட்டிப்போட்டா குத்தாலிங்கம் என்ன நினைப்பான் என்று. அதோடு விட்டார்களா, சுவர் சுவருன்னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரியுதே, அதுல ஒண்ணுமில்லைன்னு காட்டுதேன் பாரு என்று கட்டிலைத் தூக்கி மேற்குச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். அழுது பார்த்தேன், சோறு போடாமல் பார்த்தேன், ஹோட்டலில் பரோட்டா வாங்கித் தின்றுவிட்டு அங்கேயே போய்ப் படுக்கிறார்கள்.

இனி நீதான். இந்தக் கடிதத்தோடு அந்தத் திரையின் மூலையை வெட்டி வைத்திருக்கிறேன், புளிப்பு எதுவும் பட்டுவிடாமல் வை, பட்டால் அது மறுபடி ஒன்றுமறியாத மாதிரி மஞ்சளாகிவிடும். துணிமேல் எனக்குக் கோபம் இல்லை, இந்த வீட்டில் நிஜத்தைச் சொன்னது அது ஒன்றுதான், புது வீட்டுக்கும் அதையேதான் மாட்டப்போகிறேன். நீ பயந்து சாப்பிடாமல் கிடக்காதே, இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, மாப்பிள்ளைக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடு. நீயும் உன் வீடும் வயிறும் நிறைந்து நூறு வருஷம் குளிர்ந்திருக்கவேண்டும், குமாரர் துணை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பெர்சிஸ் இதைத் தந்த உடனே, அங்கே ராத்திரியா பகலா என்று பார்க்காமல் அப்பாவைக் கூப்பிடு. சுவரைப் பற்றிப் பேசாதே, கையெழுத்தைப் பற்றிப் பேசவே பேசாதே. அப்பா, நீங்களும் அந்த மாடி வீட்டில் இருந்தால்தான் நான் விமானம் ஏறுவேன், இன்றைக்கே போங்கள் என்று மட்டும் சொல், அழுவது மாதிரிச் சொல், உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. நீ சொன்னால் மகள் ஆசைப்பட்டாள் என்று தலைநிமிர்ந்து வெளியே வந்துவிடுவார்கள். இன்று காலையில் அவர்கள் தலையணைக்குப் புது உறை போட்டு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் ஒரு தூக்கம் தூங்கி இப்போதுதான் எழுந்துபோனார்கள். மூன்று மூலை மஞ்சளாக இருக்கிறது. சுவர்ப்பக்கத்து மூலை சிவந்துவிட்டது. பின்பக்கம் இடி கேட்கிறது, மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.

உன் வரவுக்கு வழி பார்த்திருக்கும்,
அம்மா மங்களேஸ்வரி