கோவேறு கழுதை மட்டும் எப்படி வந்தது

ஜூன் 1, ஞாயிறு

புழுக்கம். காலையிலேயே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேகம் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, போய்விடுகிறது.

இன்று வங்காளிகளின் ஜமாய் ஷஷ்டி. மாப்பிள்ளைகளுக்கு மாமியார் வீட்டில் விருந்து. அக்கா மகன் ரகு, பெண்டாட்டி மௌவை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு. அதாவது, டாலிகஞ்சில் அக்கா தனியாக. காலண்டரில் இதைப் போன மாதமே பார்த்து வைத்திருந்தேன். மௌ கல்யாணமாகி வந்தபின் அவள் இல்லாத முதல் ஞாயிறு.

எடுத்துப் போனவை: தட்டை ஒரு டப்பா. மூன்றாம் தடியன். ஏகப்பட்ட ஆசை.

தடியன் என்று பெயர் வைத்தது நான்தான். ஆறு புத்தகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். ராணி, உப்புக் கோட்டை, முற்றுகை, பறக்கும் பாம்பு. ஏழாவதை எழுதுகிறேன் எழுதுகிறேன் என்கிறான் அந்த மனுஷன். நானும் அக்காவும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். ராஜ்யம் யாருக்கு என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கள் கவலை சமையல்காரி பெஸ்ஸன்.

மூன்றாம் தடியனில் பெஸ்ஸன் ஒரு கோவேறு கழுதையோடு கோட்டையை விட்டுக் கிளம்புகிறாள். அடுத்த அத்தியாயத்தில் அதே கழுதை, அதே கிழிந்த இடது காதோடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலை நகரத்து வாசலில் கட்டிக் கிடக்கிறது. பெஸ்ஸனைக் காணோம். அப்புறம் ஆறாம் தடியன் முடியும்வரை அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அக்கா கட்சி: வழியில் ஓநாய். என் கட்சி: ஐந்தாம் தடியனில் வாயே திறக்காமல், பெஸ்ஸன் மாதிரியே கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போடுகிற சாமியார் வருகிறாரே, அவர்தான் மாறுவேடத்தில் பெஸ்ஸன்.

தட்டையைப் பிரித்து வைத்து, "அப்புறம், பெஸ்ஸன்?" என்று ஆரம்பித்தேன்.

"மௌ வரட்டும்டி. அவ இல்லாம பேசினா சப்புனு இருக்கும்" என்றாள் அக்கா.

சப்பென்று இருக்குமாம். இத்தனை வருஷம் இல்லாத சப்பு. தலைவலி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். தட்டை டப்பாவைத் திருப்பி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸ். கிடர்பூர் முழுக்க லாரி, நடுவில் ஒரு கைவண்டி குறுக்கே. பஸ் நகரவே இல்லை. ஒரு கன்டெய்னர், எடையைத் தப்பாக எழுதியதால் துறைமுகத்திலேயே நிற்கிறது. சரக்கு அனுப்புகிற பார்ட்டி என்னைத் திட்டுகிறார், எழுதியவன் லீவில்.

மத்தியானம் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. ஆசையாகத் திறந்தால் அக்கா இல்லை, மௌ பேசுகிறாள். கழுதை நீந்தியிருக்குமோ என்று ஏதோ யோசனை. அக்கா அதை எனக்கு ஃபார்வர்ட் செய்து, கீழே கை தட்டுகிற பொம்மை வேறு போட்டிருக்கிறாள்.

அக்கா மௌவுக்குக் கொடுத்தது:
அம்மாவின் அரக்குப் புடவை. எனக்கு என்று சொல்லி வைத்தது.
சாம்பார்ப் பொடிக் கணக்கு. நான் கேட்டபோது, எல்லாம் கை அளவுதான் என்றவள்.
ஜன்னலோர நாற்காலி.
ஞாயிற்றுக்கிழமை.

பொறாமைதான். இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

ராஷ்பிஹாரி வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. ஏசி பெட்டியில் ஏறியதும் நல்ல புத்தி வந்தது. இன்று சண்டை போடக்கூடாது என்று முடிவு. டாலிகஞ்சில் இறங்கும்வரை அந்த முடிவு நின்றது.

மௌவின் தியரி அரங்கேற்றம். ஆற்றில் வெள்ளம், கழுதையை அடித்துப் போகிறது, பெஸ்ஸன் அதைத் தள்ளிக் கரை சேர்க்கிறாள், இவளை வெள்ளம் கொண்டுபோய்விடுகிறது. இதை அரைகுறைத் தமிழில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். என் சாமியாரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானே எடுத்தேன். "அது இருக்கட்டும்டி" என்றாள் அக்கா.

இருக்கட்டுமா. என் வாய் சும்மா இருக்குமா. ஆறு மாசமாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா, ஆழ்ந்து படித்திருந்தால் ஆற்றில் அந்த மாதம் முழங்கால் தண்ணீர்தான் என்று புரிந்திருக்கும் என்றேன். பிறகு, உன் புத்தகத்தைக் கொண்டு வாயேன், எத்தனை நாள் எங்கள் புத்தகத்தையே புரட்டுவாய் என்றும் கேட்டேன்.

அவளுடையது அம்மா வீட்டில் இருந்ததாம், கறையான் தின்றுவிட்டதாம். டீ போடுகிறேன் என்று எழுந்து போனாள். அக்கா என்னைப் பார்த்த பார்வை, சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்தபோது பார்த்தது.

ரகு வந்து, ரெண்டு நிமிஷத்தில் நெட்டில் பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றான். அக்கா அவன் ஃபோனைப் பிடுங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டாள். நெட்டில் பார்க்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம், இன்றுவரை மீறியதில்லை. டீயில் இஞ்சி நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இவர் துர்காபூரிலிருந்து ஃபோன். பிளான்டில் ஷிப்டு மாறியிருக்கிறது, சனிக்கிழமை வருகிறாராம். என் குரல் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். ஞாயிறு நடந்ததைச் சொன்னேன்.

"அந்தக் கழுதை இன்னும் வீடு வந்து சேரலையா" என்றார். வைத்துவிட்டேன்.

கடுகு எண்ணெய் தீர்ந்துவிட்டது. கேஸ் புக் பண்ண வேண்டும். அக்கா ஃபோன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மழை. ஒருவழியாக. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் கணுக்கால் தண்ணீர்.

அக்கா சம்பந்தி வீட்டுக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டிருந்தாள், ரகு மூலமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மௌவின் அம்மா வீடு இங்கிருந்து நடக்கிற தூரம்தான். போனேன். நல்ல மனுஷி. சந்தேஷ் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று, தலையைத் துவட்டத் துண்டு கொடுத்து, ஃபேன் ஓடுகிற அறையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். அது மௌவின் அறை.

அலமாரியில் ஆறு தடியன்களும் வரிசையாக. பளபளவென்று. கறையான் மூக்கை நீட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவதை உருவினேன். எங்களுடையதைவிடத் தடிமன். எங்கள் பிரதி கோல்பார்க் நடைபாதையில் வாங்கிய திருட்டு அச்சு. அடி ஓரத்தை வெட்டியதில் பாதிப் புத்தகத்துக்குப் பக்க எண்ணே கிடையாது. பெஸ்ஸன் கிளம்புகிற இடத்தைத் தேடிப் பிடித்தேன். கிளம்புகிறாள், அத்தியாயம் முடிகிறது. புரட்டினால் மலை நகரம் இல்லை. நான் பார்த்தே இராத இன்னொரு அத்தியாயம்.

அதாவது, எங்கள் திருட்டுப் பிரதிக்காரன் ஒரு ஃபாரத்தையே, முழுசாகப் பதினாறு பக்கத்தை, விட்டுவிட்டு பைண்ட் செய்திருக்கிறான். நாங்கள் அதைப் பெரிய மர்மம் என்று இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

நின்றபடியே படித்தேன். பெஸ்ஸனுக்கு நடந்து நடந்து அலுத்துப்போகிறது. படகுத்துறையில் ஒரு உப்பு வியாபாரிக்குக் கழுதையை விற்றுவிட்டு, அந்தக் காசில் அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுவிடுகிறாள். வியாபாரி கழுதையோடு மலை நகரம் போகிறான். அவ்வளவுதான். ஓநாய் இல்லை, வெள்ளம் இல்லை, சாமியார் இல்லை.

சந்தேஷோடு வந்த அம்மா, காலேஜ் நாளில் மௌ இதை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கே இல்லை என்று வங்காளியில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தட்டை வைக்கத் திரும்பியபோது, அந்தப் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மாட்டினாயா, மௌ.

ஜூன் 14, சனி

இவர் வந்தார். வெங்காய சாம்பார், உருளைக்கிழங்கு. துணி காயவில்லை.

குளிக்கும்போது ஒத்திகை. அக்கா, உன் மருமகளுக்கு ஆரம்பத்திலிருந்தே பதில் தெரியும். நம் ரெண்டு பேரையும் வைத்துக் கூத்து பார்த்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் விட்டாயே, அந்த வெள்ளம் அவள் அவிழ்த்துவிட்ட கதை. இந்தா, படம். நடுவில் ஒரு தடவை எனக்கே சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானத்துக்கு மேல் சந்தோஷம் கொஞ்சம் வற்றியது. படத்தைக் காட்டினால் மௌ மட்டுமா போவாள், கேள்வியும் போய்விடுமே.

அத்தான் தவறிய வருஷம் அக்கா பேச்சையே விட்டுவிட்டாள். கேட்டால் ம், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கோல்பார்க்கில் கிடைத்த தடியன்களை வாங்கி மடியில் போட்டேன். ஒரு நாள் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதை மூடிவிட்டு, "அந்தச் சமையக்காரி எங்கடி போனா?" என்றாள். அவளாக வாய் திறந்தது அன்றுதான். கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்து பேசினோம். அன்றைக்கு யாருமே சமைக்கவில்லை.

அந்தக் கேள்வி என்னுடையது. மௌவுக்கு அதில் என்ன பங்கு.  நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். அக்கா பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மௌ என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சித்தி, அம்மா ஃபோன் பண்ணாங்க. என் ரூம்ல உக்காந்தீங்களாம்."

"உக்காந்தேன். கறையான் ஒண்ணையும் காணோமே" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்தாள், அடுப்பைக் குறைத்தாள்.

"வந்த புதுசுல எனக்கு உங்க தமிழ் ஒண்ணும் புரியாது சித்தி. எல்லாரும் பேசுவாங்க, நான் சும்மா சிரிப்பேன். ஒரு ஞாயித்துக்கிழமை நீங்களும் அத்தையும் பெரிய ஜொக்ரா. சண்டை. நடுவுல பெஸ்ஸன், பெஸ்ஸன்னு கேட்டுச்சு. இந்த வீட்டுல எனக்கு முன்னாடியே தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். பக்கத்துல வந்து உக்காந்தேன். அப்புறம் புரிஞ்சுது, உங்க புக்ல அது இல்லன்னு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க நிறுத்திருவீங்க. அப்புறம் நான் எங்க உக்காருவேன்?"

 டீத்தூளை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அத்தியாயம் நன்றாகவே இல்லை என்றாள் பிறகு. எழுதினவனுக்கே அலுத்துப் போய் எழுதின மாதிரி இருக்கிறதாம். "உங்க சாமியார்தான் சித்தி நல்லாருக்கு. ரெண்டு தடவ உப்புப் போடறாரே, அதை நான் கவனிக்கவே இல்ல." முகத்தைப் பார்த்தேன். புளுகவில்லை.

நல்லவளாக வேறு இருக்கிறாள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

டீக்கு அக்கா வந்ததும் மௌ பழையபடி வெள்ளத்தை ஆரம்பித்தாள். முழங்கால் தண்ணீர்தான் என்று நான் சண்டை போட்டேன். முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாகவே போட்டேன். சொல்லவில்லை. ஆனால் படம் ஃபோனில் இருக்கிறது. அழிக்கவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று ராத்திரி பெய்த மழையில் கிடர்பூர் குளமாகிவிட்டது. அந்தக் கன்டெய்னர் ஒருவழியாக வெளியே போனது. பார்ட்டி நன்றி சொல்லவில்லை. குடை பஸ்ஸில் போச்சு.

மத்தியானம் தயிர்சாதத்தைத் திறக்கும்போது அக்கா ஃபோன். குரலைத் தாழ்த்தி, யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டாள். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்துபோனேன்.

"ஓநாயெல்லாம் இல்லடி. எனக்கு என்னமோ, அவளுக்கு அலுத்துப்போச்சுன்னு தோணுது. கழுதைய யாருக்காச்சும் வித்துட்டு, போற வழியிலயே தங்கிட்டா. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல."

 லைனில் இருக்கிறாயா என்றாள். இருக்கிறேன் என்றேன்.

"மௌ கிட்ட சொல்லிடாத. அவ அந்தச் சமையக்காரி மேல உசுரையே வச்சிருக்கா, மனசு ஒடிஞ்சுபோவா. உனக்கு மட்டும்தான் சொல்றேன். உன்கிட்ட சொன்னாதான எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்."

ஆறு மாதமாக இந்த ஒரு பேச்சுக்குத்தான் நாயாக அலைந்தேன். சரியான பதிலோடு சேர்ந்தா வரவேண்டும்.

விற்கவே மாட்டாள், அந்தக் கழுதையைக் குட்டியிலிருந்து வளர்த்தவள், சாமியார்தான், உப்பை மறந்துவிட்டாயா என்றேன். புளுகாதே என்றாள் அக்கா. நீதான் புளுகுகிறாய் என்றேன். லஞ்ச் நேரம் முழுக்க சண்டை. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். சாதம் அப்படியே காய்ந்துவிட்டது.

வைத்ததும் ஃபோனிலிருந்த படங்களை அழித்தேன். அக்கா தானாகவே கண்டுபிடித்துவிட்டாள் என்று மௌவுக்கு ஒரு மெஸேஜ் போடக் கை போனது. தெரிந்தால் சந்தோஷத்தில் குதிப்பாள், பாவம்.

போடவில்லை. அக்கா எனக்கு மட்டும்தான் சொன்னாள்.