கடைசி வரிக்கு முன் கைதட்டல்

அக்டோபர் 9

மழை ஓய்ந்தது. மட்காவ் நகரில் ஒத்திகை தொடங்கிவிட்டது. லுதோவிக்கின் இந்த வருட தியாத்ர் நாடகம் ஒரு குடும்பக் கதை. தந்தை சாவார், பிள்ளைகள் வீட்டுக்காக அடித்துக்கொள்வார்கள், ஏழாம் திரையில் ஒரு பாதிரியார் வந்து எல்லோரையும் அழவைப்பார். சென்ற வருடத்துக் கதையில் செத்தது தாய். இயக்குநர் வளர்கிறார்.

எனக்கு வழக்கம்போல ஐந்தாம் திரைக்கும் ஆறாம் திரைக்கும் நடுவில் ஒரு தனிப்பாட்டு. அந்த நேரத்தில் பாதிச் சனம் வெளியே கட்லெட் தின்றுகொண்டிருக்கும். பாட்டுக்கு மூன்று சரணம் எழுதினேன். பிறகு நான்காவதையும் எழுதினேன். சனம் விடாமல் கைதட்டினால் பாண்டுக்காரர்கள் முன்னிசையை மறுபடி எடுப்பார்கள். பாடகன் திரையை விலக்கிக்கொண்டு திரும்பி வந்து இன்னொரு சரணம் பாடவேண்டும். அதற்காக எல்லாப் பாடகனும் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பான். என்னிடம் இருபது வருடத்துக்கு மேலான நான்காம் சரணங்கள் இருக்கின்றன. ஒன்றின்மீதும் வெளிச்சம் பட்டதில்லை.

ஒரே ஒரு தடவை திரும்ப அழைக்கப்பட வேண்டும். நாற்பத்தாறு வயதில் எழுதிவைக்கக்கூடிய ஆசை அல்ல இது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 15

பாட்டு எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் போட்ட சாலையைப் பற்றியது. மூன்று சரணமும் புகழ்ச்சி. என்ன வழவழப்பு, என்ன அகலம், பாட்டியம்மாக்கள் கூட அதில் நடனம் ஆடலாம். மூன்றாவதன் கடைசி வரியில்தான் தெரியும், சாலை இருப்பது பெயர்ப்பலகையில் மட்டும் என்று. நான்காம் சரணத்தில் அந்தச் சாலையில் என் மாமியாரை உலாவ அனுப்புகிறேன்.

டிரம்பெட் வாசிக்கும் அன்செல்மு கேட்டுவிட்டு, “கடைசி வரியில ஆள அப்படியே கவுத்துட்டே பெனிசியு. சனம் அதுவரைக்கும் உக்காந்திருந்தா, நீ பிழைச்சே” என்றான்.

அக்டோபர் 22

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பின்வரிசையில் நம் ஆட்கள் நாலு பேர் இருந்தால் போதும். கைதட்டல் ஒரு தொற்று. எல்லாரும் செய்வதுதான், வெளியில் சொல்வதில்லை.

என் மனைவி கித்தேரியாவிடம் அவளுடைய தம்பிகளைக் கேட்கச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: “என் தம்பிங்களுக்குப் பூசையில எப்ப எழுந்து நிக்கணும்னே தெரியாது. பக்கத்துல இருக்கறவனப் பாத்து நிப்பானுங்க. அவனுங்கள நம்பி நீ பாட்டு பாடப் போறியா?”

“பாட்டு முடிஞ்சதும் தட்டணும். இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?”

“அதான் நானும் சொல்றேன்.”

அக்டோபர் 26

முடியலை. எழுதித் தீர்க்கணும்.

கூட்டம் நல்ல கூட்டம். மூன்றாம் சரணம் வரை பிசிறில்லை. கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பேன். அந்த இடைவெளிதானே பாட்டு. சனம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிற இடம் — அந்த மூச்சில்தான் என் மைத்துனர்கள் தட்டினார்கள். விசில் வேறு. “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்று வேறு. முன்வரிசை திரும்பிப் பார்த்துவிட்டு, சரி முடிந்தது போலிருக்கிறது என்று அதுவும் தட்டியது. கைதட்டலைக் கேட்டால் முன்னிசையை எடுப்பது பாண்டின் பழக்கம். அன்செல்மு எடுத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

என்ன பண்ணியிருக்கணும் நான்? நிறுத்துங்கடா, இன்னும் ஒரு வரி இருக்குன்னு கத்தியிருக்கணுமா? இத்தனை வருஷமா காத்திருந்த முன்னிசை. கால் தானா திரைக்குப் பின்னால போச்சு, தானா திரும்பி வந்துச்சு. நாலாம் சரணத்தைப் பாடினேன். இல்லாத சாலைக்கு இன்னும் எட்டு வரி புகழ்ச்சி. நடுவில் யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒருவரும் தட்டவில்லை. பிறகு பால்கனியிலிருந்து ஒரு குரல், மரியாதையாக ‘பாப்’ எல்லாம் போட்டு, நிதானமாக:

“பஞ்சாயத்துல எவ்வளவு குடுத்தாங்க, பாப்?”

அதற்குத்தான் சனம் சிரித்தது. அதற்குத்தான் கைதட்டியது.

அக்டோபர் 27

காலையில் பஞ்சாயத்துத் தலைவரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பாட்டில் ஃபெனி. “நம்ம ஊர்க் கலைஞனுங்களுக்குத் திட்டத்தான் தெரியும். நல்லதப் பாக்கற கண்ணு உனக்கு மட்டுந்தான் இருக்கு” என்றார். கண் கலங்கியிருந்தது. கடைசி வரியைச் சொல்லிவிட வாய் எடுத்தேன். கித்தேரியா அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

வந்த வழியில் அவருடைய வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். நானும் போய்த் தள்ளினேன்.

நவம்பர் 3

லுதோவிக் அழைத்தார். முகம் கருணையாக இருந்தது, அப்போதே தெரிந்தது.

“சனம் பேரு வெச்சிடுச்சு பெனிசியு. ‘கான்ட்ராக்டர்’னு சொல்றாங்க உன்ன. போஸ்டர்ல உன் பேருக்குப் பக்கத்துல எவனோ தார் டின் வரைஞ்சிருக்கான்.”

“அடுத்த காட்சியில கடைசி வரியோட பாடிடறேன், லுதோவிக் பாப்.”

“அப்ப, காசு வரலன்னு கட்சி மாறிட்டான்பாங்க.”

அவர் இருபது நாடகம் எழுதியவர். சனத்தை அவருக்குத் தெரியும்.

“உன்ன விடமாட்டேன். அப்பா வேஷம் இருக்கு. முதல் திரையில சாவு. மூணாம் திரையில பெட்டியில படுத்திருக்கணும், பிள்ளைங்க சுத்தி நின்னு சண்ட போடுவாங்க.”

“மூணாம் திரையில வசனம் இருக்கா?”

அவர் நான் வேடிக்கை செய்வதாக நினைத்துக்கொண்டார்.

நவம்பர் 11

சம்மதித்துவிட்டேன். மேடையில் இருந்தால்தான் பாட்டு என்றைக்காவது திரும்பி வரும். படுத்திருப்பதும் மேடையில் இருப்பதுதானே?

நவம்பர் 20

சவப்பெட்டியை மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள இசாவ்ரா பாயியின் கடையில் வாடகைக்கு எடுக்கிறோம். காட்சி முடிந்ததும் நான்தான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கவேண்டும். கணவர் செத்த பிறகு கடையை அவளே நடத்துகிறாள். பெட்டியின் உள்துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“வேர்க்கறே நீ. செத்தவன் வேர்க்கமாட்டான்.”

“மேலே விளக்கு, பாயி.”

“எங்க ஆளுங்க யாரும் இப்படி ஒரு புகார் சொன்னதில்ல.”

டிசம்பர் 14

கூர்டோரிமில் காட்சி. என் பாட்டின் இடம் இப்போது சாந்தோர் ஊர்க்காரன் டோனியனிடம். பந்தல் மேடை என்பதால் எல்லாவற்றையும் முன்பின் மாற்றி, அவன் பாட்டை மூன்றாம் திரைக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். அவன் திரைக்கு முன்னால் பாடுகிறான், நான் திரைக்குப் பின்னால் பெட்டிக்குள் தயாராகக் கிடக்கிறேன். நடுவில் ஒரு துணி.

அவனை இரண்டு தடவை திரும்ப அழைத்தார்கள். மைத்துனர்கள் யாரும் இல்லாமலே. பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் தாங்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் திரை எந்த நிமிடமும் திறக்கலாம். மல்லாந்து படுத்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது. பிறகு காது கேட்பதில்லை. ஒரு வகையில் நல்லது.

முடிந்ததும் லுதோவிக் தோளைத் தட்டினார். “இன்னிக்குத்தான் நிஜமா செத்தே நீ.”

ஜனவரி 6

தர்மாபூர். செத்தேன்.

ஜனவரி 25

பேனாவ்லி. செத்தேன். மூக்கின்மேல் ஒரு ஈ.

பிப்ரவரி 18

சாம்பல் புதன். நெற்றியில் பாதிரியார் பூசிய சாம்பலோடு பெட்டியைக் கொண்டுபோனேன். தவக்காலம் முழுக்க எங்கள் குழு நாடகம் போடுவதில்லை. ஈஸ்டர் வரைக்கும் கித்தேரியாவின் தையலில் சாப்பாடு.

இசாவ்ரா பாயியின் வேலையாள் போர்த்துக்கீசிய பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு லண்டன் போய்விட்டான். “படுக்கறது நல்லா படுக்கறே. நின்னு வேல செய்யத் தெரியுமா?” என்றாள்.

ஈஸ்டர் வரைக்கும் என்றேன். நிபந்தனை போடும் நிலையில் இருப்பவன் மாதிரி.

பிப்ரவரி 23

முதல் வேலை. ஓய்வுபெற்ற தபால்காரர். முகத்துக்குக் கொஞ்சம் நிறம் வேண்டும் என்றாள். எனக்குத் தெரிந்த நிறத்தைக் கொடுத்தேன். அவருடைய மனைவி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “எங்க கல்யாணத்துல கூட இவரு இவ்ளோ சிவப்பா இல்ல.”

இசாவ்ரா பாயி ஈரத்துணியை என் கையில் கொடுத்தாள். “பின்வரிசைக்குத் தெரியவேண்டாம். இங்க வர்றவங்க குனிஞ்சு முத்தம் குடுப்பாங்க. அந்தத் தூரத்துக்குப் பண்ணு.”

துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். துடைக்கிற அளவுதான் வேலை என்று புரிய மத்தியானம் ஆயிற்று.

மார்ச் 4

கைதட்டல் இல்லாத வேலை. இன்னொரு தடவை என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலிருக்க அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

மார்ச் 19

கப்பலில் வேலை பார்த்த பையன். இருபத்தாறு வயது. ஏணியிலிருந்து விழுந்தானாம். எங்கோ ஒரு துறைமுகத்தில் மூடி ஆணியடித்து, மும்பை வழியாக வந்த பெட்டி. திறக்கவேண்டாம் என்று மாமன்கள் சொன்னார்கள். தாய் திறக்கச் சொன்னாள். சத்தம் போடவில்லை, பெட்டியைவிட்டு நகரவும் இல்லை. இசாவ்ரா பாயி அவளைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டு என்னிடம், “திற” என்றாள்.

எழுதத் தேவையில்லாதவை சில இருந்தன. இடது பக்கம். தலையணையை மாற்றி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து, முடியை இழுத்துவிட்டு — என்னென்னவோ செய்தேன். வியர்வை அவன்மேல் விழாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை.

அவனுக்குத் தாடி இருந்தது. வீட்டில் கொடுத்த படத்தில் மழமழவென்று இருக்கிறான். படத்தில் இருப்பது போலத்தான் செய்யவேண்டும் என்பது கடை வழக்கம். கத்தியை எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்தேன். அவன் தானாக முடிவுசெய்த கடைசிக் காரியம் அதுவாகக்கூட இருக்கலாம். அதில் கை வைக்க நான் யார்?

தாய் உள்ளே வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“தாடி வெச்சிருக்கான்.”

“ஆமா, மாயி. எடுக்கணுமா?”

“போன்ல மூஞ்சியே காட்டமாட்டேங்கறானேன்னு பாத்தேன். நான் திட்டுவேன்னு பயம்.” கையை நீட்டி அந்தத் தாடியைத் தடவினாள். “நல்லாதான் இருக்கு. இருக்கட்டும்.”

அவளுக்கு நான் அங்கே நிற்பதே தெரியவில்லை. யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் இவ்வளவு நேரம் நான் நின்றதில்லை.

வீட்டுக்கு வந்து மீன் குழம்பும் சோறும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. பசித்தது.

ஏப்ரல் 6

ஈஸ்டர் முடிந்தது. லோட்லியில் காட்சி. மறுபடி பெட்டிக்குள். என் செபமாலையை விரல்களில் சுற்றாமல் வயிற்றின்மேல் சும்மா போட்டுவிட்டார்கள். கோட்டின் ஒரு கை ஏறிக்கொண்டு நிற்கிறது. எந்தக் கடையில் இப்படி அனுப்புவார்கள்? பிள்ளைகள் தலைக்குமேல் வீட்டுக்காகக் கத்திக்கொண்டிருக்க, நான் மறு கையால் கோட்டை இழுத்துவிட்டேன். செத்தவர் அசைந்ததைச் சனம் பார்த்துவிட்டது. நல்ல சிரிப்பு.

லுதோவிக் கத்தினார். கோட்டு ஏறியிருந்தது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் பார்வை என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

மே 10

லுதோவிக் வீட்டுக்கே வந்தார். டோனியன் லண்டன் போகிறான். இங்கே நன்றாகப் பாடுகிறவனெல்லாம் அங்கே போய்க் கிடங்கில் பெட்டி தூக்குகிறான்.

“புது நாடகம். தனிப்பாட்டு உனக்கு. அஞ்சாம் திரை இல்ல, ரெண்டாம் திரை. எல்லாரும் நாற்காலியில இருப்பாங்க. ‘கான்ட்ராக்டர்’னு போஸ்டர்லயே போட்டுடலாம், சனத்துக்குப் பிடிக்கும். தினம் நாலு மணிக்கு ஒத்திகை. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு.”

ஈஸ்டருக்குப் பிறகும் நான் கடையை விடவில்லை. அடக்கங்களும் நாலு மணிக்குத்தான்.

ரெண்டாம் திரை. கேட்டதும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இந்த வருடத் தொடக்கத்தில் இதைக் கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

கித்தேரியாவைக் கேட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“போறதுன்னா போ. இப்பல்லாம் நீ ராத்திரி தூங்கறே. அத மட்டும் சொல்லிடறேன்.”

மே 16

சனிக்கிழமை. வேலை இல்லாத காலை. பெர்பெத்துவா மாயி கடைக்கு வந்தாள், எண்பது வயதுக்கு மேல், கையில் இரண்டு உடுப்பு. ஒன்று பச்சை, ஒன்று நீலம். எதைப் போட்டு அனுப்பவேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போக வந்தாளாம்.

“பச்சை என் மகன் கனடாவுலேர்ந்து அனுப்பினது. நான் செத்தா அவன் ஓடிவந்து அதத்தான் எடுத்து நீட்டுவான். எனக்கு அது எடுக்குமா, சொல்லு.”

மேலே வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

“நின்னுக்கிட்டுப் பாத்தா எப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, பெஞ்சின்மேல் ஏறி நீட்டிப் படுத்தாள். கண்ணை மூடினாள். கையைக் கோத்துக்கொண்டாள். இசாவ்ரா பாயி கைப்பிடிகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

பச்சையை விரித்துப் பார்த்தேன். முகம் காய்ச்சல்காரி மாதிரி ஆகிவிட்டது. நீலத்தை விரித்தேன்.

“நீலம், மாயி.”

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அவன்கிட்ட யாரு சொல்றது?”

“நான் சொல்றேன்.”

ஒரு கண்ணைத் திறந்தாள். “நீ இருப்பியா? லுதோவிக் உன்ன நாடகத்துக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கானாமே. ரெண்டாம் திரைன்னு மார்க்கெட்டே பேசுது.”

பாலிஷ் போடும் சத்தம் நின்றது.

“இங்கதான் இருப்பேன், மாயி.”

“அப்ப சரி.” கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். “கழுத்துப் பொத்தான் போடாத. எனக்கு மூச்சு முட்டும்.”

“போடல.”