ஒட்டிக்கொண்ட பக்கம்

ஜூலை 4

என் அன்பு வாயாடிக்கு,

நான் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே அடுத்த கேஸ் கட்டைப் புரட்டுகிறாய். இருபத்தேழு வருஷம் கோர்ட்டில் ஸ்டெனோவாக உட்கார்ந்தவளுக்குக் காகிதம் புரளும் சத்தம் தெரியாதா? அதனால் இனிமேல் கடிதம்தான். இதற்கு நடுவில் நீ "ம்" கொட்ட முடியாது.

விடுதியில் எனக்குத் தனி அறை. ஐம்பத்து மூன்று வயசுக்காரியோடு தங்க எந்தப் பெண்ணும் துணியவில்லை போலும். ஜன்னலைத் திறந்தால் கீழே புத்தகக் கடை, ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மறுபடி புத்தகக் கடை. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டி ஆட்டி வாதாடியபடியே போகிறார்கள் பிள்ளைகள். நேற்று இரண்டு பெண்கள் மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று பிடித்த பிடியில், டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. டீக்கடைக்காரர் நடுவில் புகுந்து, "ஏம்மா, ஒருத்தன் திருந்திட்டான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாரே பார்! இரண்டு பேரும் ஆறின டீயை எடுத்துக் குடித்தார்கள். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

சட்ட நூலகம் நான்கு மாடி. முதல் நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், நூலகரே வந்து "யாரைத் தேடறீங்க?" என்று கேட்கும்வரை. மூன்றாம் மாடியில் நம் கோர்ட்டின் தீர்ப்புத் தொகுதிகள் இருக்கின்றன. தோல் அட்டை, பொன் எழுத்து. ஒன்றை எடுத்துப் பிரித்தால், நம் நீதிபதி ஐயா சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்த வரிகள்! அன்றைக்கு எனக்கு முதுகுவலியாக மட்டும் இருந்த வரிகளை, இங்கே ஒரு பையன் அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். அழுதுவிட்டேன். நூலகர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வகுப்பில் எனக்குக் "கோர்ட்டம்மா" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மாலைக் கல்லூரியில் பி.எல். முடித்தபோதே போதும் என்று விட்டிருந்தால் இதையெல்லாம் பார்த்திருப்பேனா? எம்.எல். படிக்கப் போ போ என்று நீதான் பிடித்துத் தள்ளினாய். நன்றாக இரு.

ஆசிகளுடன்,
அம்மா

ஜூலை 19

அன்புள்ள கோர்ட்டம்மாவுக்கு,

கேஸ் கட்டைத் தூர வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சத்தம் கேட்கிறதா?

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பக்கத்து வீட்டு அத்தை பால் பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை. வீட்டுச் செய்தி முடிந்தது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற அக்கா ஒருத்தர் என்னிடம் வந்திருக்கிறார். புருஷன் அங்கேயே கொதிகலன் பார்த்தவர், ஆறு வருஷ சர்வீஸில் இறந்துபோய்விட்டார். முப்பது நாளில் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணு என்று நோட்டீஸ். இரண்டு பெண் குழந்தைகள். "வக்கீலம்மா, துணியை வெளுக்கச் சொன்னா எத்தனை மூட்டைன்னாலும் வெளுத்துடுவேன், இந்தக் காகிதத்தை என்ன செய்யறதுன்னுதான் தெரியலை" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன் தெரியுமா? உன் ஐயாவின் குவார்ட்டர்ஸ் தீர்ப்பு என் கையில் இருக்கிறது! இறந்துபோன ஊழியரின் குடும்பத்துக்கு மாற்று இடம் தராமல் வெளியேற்றக் கூடாது. இத்தனை வருஷ சர்வீஸ் வேண்டும் என்கிற நிபந்தனையே அதில் கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதை அடித்ததும் நீதானே? என் முதல் பெரிய கேஸுக்கு நீயே பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆயுதம் செய்து வைத்திருக்கிறாய்.

இப்போதைக்கு யாரும் வெளியேற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கிவிட்டேன், செப்டம்பர் 12-ல் வாதம். அக்காவிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் வாயாடி

ஆகஸ்ட் 2

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

சென்ற வாரம் பேராசிரியர் வகுப்புக்கு அதே தீர்ப்பைக் கொண்டுவந்தார். அதன் பதினான்காம் பத்தியில் ஐயா, "இந்தப் பாதுகாப்புக்குப் பணிக்கால வரம்பு ஏதும் வேண்டுமா?" என்று கேட்கிறார். பதினைந்தாம் பத்தி, "ஆகவே மனு அனுமதிக்கப்படுகிறது" என்று முடிந்துவிடுகிறது. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "கேட்டுட்டு, பதில் சொல்லாம விட்டுட்டார் பாருங்க. சட்டத்திலேயே இதை மாதிரி கம்பீரமான மௌனம் கிடையாது." பன்னிரண்டு வருஷமாக இந்த மௌனத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறாராம். இரண்டு பேர் இதை வைத்து ஆராய்ச்சிப் பட்டமே வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

அது மௌனம் இல்லையடி. என் தப்பு.

அன்றைக்கு நல்ல மழை. ஐயாவின் அறைக் கூரை ஒழுகி என் சுருக்கெழுத்து நோட்டு நனைந்துவிட்டது. பிறகு தட்டச்சு செய்யும்போது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஐயா முழுசாகப் பதில் சொல்லியிருந்தார். பத்து வருஷம் பணி முடித்தவர்களின் குடும்பத்துக்கு மட்டும் என்று. அந்த வழக்கில் இறந்துபோனவருக்குப் பதினான்கு வருஷ சர்வீஸ் இருந்ததால் முடிவு மாறவில்லை. யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. ஐயாவுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்த நேரம். மேசையில் குவிந்திருந்ததில் அதுவும் ஒன்றாகக் கையெழுத்தாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் பழைய நோட்டுகளைக் கழிக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். அப்போது நான் தற்காலிக ஊழியர். அப்பா போய் நான்கு மாதம். உனக்குப் பத்து வயசு. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்கவில்லை. நோட்டும் மற்றதோடு காகித அரவைக்குப் போய்விட்டது.

உன் சலவைக்கார அக்காவின் புருஷனுக்கு ஆறு வருஷம்தான் என்று படித்ததும் முதல் பதிலை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் மறைத்துக்கொண்டு உனக்கு ஆசி சொல்ல என்னால் முடியவில்லை.

அம்மா

ஆகஸ்ட் 9

அம்மா,

ஏன் என்னிடம் சொன்னாய்?

பத்தொன்பது வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவளுக்கு, இன்னும் ஆறு வாரம் இருக்க முடியவில்லையா? நீ சொல்லாமல் இருந்திருந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பேன். பொய் என்றே தெரியாமல் சொல்லியிருப்பேன், அந்த அக்காவுக்கு வீடு கிடைத்திருக்கும். இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நீதிபதியின் முகத்தைப் பார்த்து, "இதில் நிபந்தனையே இல்லை ஐயா" என்று எப்படிச் சொல்வேன்?

கையெழுத்துப் போட்டதுதான் தீர்ப்பு, நீதிபதி வாயால் சொன்னது இல்லை என்று எனக்கும் சட்டம் தெரியும். ராத்திரி தூக்கம் வருவதற்கு அந்தச் சட்டம் போதவில்லை.

உன் மனசு லேசாவதற்காக என் தலையில் இறக்கி வைத்துவிட்டாய். அந்தக் குழந்தைகள் நேற்று ஆபீஸுக்கு வந்து என் மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துவிட்டுப் போனார்கள். வீட்டைத்தான் வரைந்தார்கள்.

கொஞ்ச நாள் எழுதாதே.

ஆகஸ்ட் 27

அன்பு மகளுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றுக்கு மட்டும் மன்னித்துக்கொள்.

நீ கேட்டது சரி. என் பாரத்தை இறக்கி வைக்க மகள்தான் கிடைத்தாள் எனக்கு. முதலில் வேறு இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதனால் போன திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்றேன். "ஐயா, அந்த மௌனத்தை டைப் அடிச்சது நான்தான்" என்று தொடங்கி, ஒட்டிக்கொண்ட தாள்வரை சொல்லி முடித்தேன். பேராசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் பக்கம் நினைவிருக்கா?" என்று மட்டும் கேட்டார். மறந்தால்தானே? கரும்பலகையில் சுருக்கெழுத்திலேயே எழுதினேன். பிள்ளைகளுக்குக் கோடும் வளைவுமாகத்தான் தெரிந்திருக்கும். படித்துக் காட்டச் சொன்னார்கள். படிக்கும்போது ஐயாவின் குரல் என் காதில் அப்படியே கேட்டது.

பிறகு ஒரு பெண் நூலகத்துக்கு ஓடிப்போய் எண்ணிக்கொண்டு வந்தாள். அந்தத் தீர்ப்பைப் பின்பற்றி இதுவரை முப்பத்தொரு தீர்ப்புகள் வந்திருக்கின்றன. காவலாளி வீடு, பள்ளிக்கூட ஆயா வீடு, சுரங்கத் தொழிலாளி வீடு. ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தேன். யாரும் வெளியே போகவில்லை. நான் பயந்து நடுங்கி மறைத்த ஒரு தாளின் மேல் முப்பத்தொரு குடும்பம் அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா? எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டம் என்பது இவ்வளவு பெரியது என்று இருபத்தேழு வருஷம் அதன் காலடியில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இத்துடன் என் பிரமாணப் பத்திரம் இருக்கிறது. நடந்ததை நாள், மாதத்தோடு எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். துறை விசாரணை வந்தால் வரட்டும். இதைத் தாக்கல் செய்வதும் கிழித்துப் போடுவதும் வக்கீலின் இஷ்டம். அம்மாவுக்காக என்று எதையும் செய்யாதே. அந்தக் குழந்தைகளுக்கு எது நல்லதோ அதைச் செய்.

அம்மா

செப்டம்பர் 14

அம்மா,

தாக்கல் செய்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என் கையிலிருந்து அதை வாங்கிப் படித்துவிட்டு எழுந்து நின்ற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "அவங்க ஆதாரத்தை அவங்களே உடைச்சுட்டாங்க ஐயா" என்றார். நீதிபதி என்னைப் பார்த்து, "இந்தத் தட்டச்சர் யாரும்மா?" என்று கேட்டார். "என் அம்மா" என்றேன். அவருக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஸ்டெனோ அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் அந்தத் தீர்ப்பைத் தொடவே இல்லை. அடியிலிருந்து ஆரம்பித்து நாற்பது நிமிஷம் வாதாடினேன். "பத்து வருஷம் முடிக்கத் தவறியது செத்துப்போனவர் குற்றமா? ஒன்பதே முக்கால் வருஷத்தில் செத்தவரின் பிள்ளைகள் மட்டும் மழையில் நனையலாமா?" என்று கேட்டேன். வாயாடி என்று பேர் வைத்தாயே, அன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது.

நீதிபதி அங்கேயே தீர்ப்புச் சொன்னார். பழைய தீர்ப்பு கையெழுத்தானபடியே நிற்கும். முப்பத்தொரு வீட்டையும் யாரும் அசைக்க முடியாது. விட்டுப்போன பக்கம் சட்டம் ஆகாது. அது இருந்திருந்தாலும் அந்த வரம்பை இந்த நீதிமன்றம் ஏற்றிருக்காது. அக்கா வீட்டிலேயே இருக்கலாம். அவரிடம் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சலவைச் சோடாவில் ஊறி ஊறித் தோல் உரிந்த கை. விடவே இல்லை.

உன்மேல் இருந்த கோபம் எப்போது போனது தெரியுமா? கோர்ட்டில் இல்லை. பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்யுமுன் சரிபார்த்தபோது. நோட்டைக் கண்டுபிடித்த நாளை எழுதியிருக்கிறாய் பார், நவம்பர் 8. அந்த நாள் எனக்குத் தெரியும் அம்மா. அன்று காலையில்தான் நான் உன்னிடம், "அப்பா எப்படிச் சிரிப்பார், செஞ்சு காட்டு" என்று கேட்டேன். சாயங்காலம் வந்து காட்டுகிறேன் என்றாய். சாயங்காலம் வந்த நீ நாலு நாள் என்னோடு பேசவில்லை. நான் கேட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உனக்கு வலிக்குமே என்று பத்தொன்பது வருஷம் கேட்காமல் இருந்தேன்.

நீ ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு பயந்தாய். நான் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பயந்தேன். ஒரே வீட்டில்தான் இருந்தோம், அம்மா.

தீர்ப்பு நகல் தனியாக வரும். பேராசிரியருக்கும் ஒன்று கொடு. எனக்கு நீ உடனே பதில் எழுத வேண்டும். படிப்பு, நூலகம், டீக்கடை எல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அப்பா எப்படிச் சிரிப்பார்?

உன் மகள்