ஒரே வீட்டுக்கு அக்காவையும் தம்பியையும் ஏலத்தில் மோதவிட்ட தரகர் மீது புகார்

அனுப்புநர்
மருத்துவமனைச் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர்,
மூன்றாம் தளம், பேருந்துப் பணிமனைக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்
உரிம அதிகாரி அவர்கள்,
வீடு, மனைத் தரகர்கள் ஒழுங்குமுறை அலுவலகம்.

பொருள்: வீட்டு உரிமையாளர் சொல்லாத விலையைச் சொல்லியும், எங்கள் குடும்பத்தினரையே ஒருவருக்கொருவர் போட்டியாளராக்கியும் ஏமாற்றிய தரகரின் உரிமத்தை ரத்து செய்யவும், அவ்வீட்டின் பதிவை நிறுத்தி வைக்கவும் கோருதல்.

மதிப்புமிகு அதிகாரி அவர்களுக்கு வணக்கம்.

எந்த மொழியிலும் மனு தரலாம் என்று தங்கள் அலுவலக முகப்பில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் என் மொழியிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்கும் அன்பருக்கு ஒரு வேண்டுகோள்: இதிலுள்ள கோபத்தைத் தயவுசெய்து வடிகட்டிவிட வேண்டாம். அதுவும் மனுவின் பகுதியே.

1. நான் திருமணமான கையோடு இந்த நாட்டுக்கு வந்தவள். கணவர் எதிர்ப் பணிமனையில் பேருந்துகளுக்கு பிரேக் பார்க்கிறார். எனக்கு ஒரே தம்பி. சில ஆண்டுகள் கழித்து அவனும் இங்கு வந்து, வேலை கிடைக்கும்வரை எங்கள் முன்னறை சோபாவில்தான் படுத்திருந்தான். இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தைக் கவனிக்கிறான். மனைவி, ஒரு மகள். எங்கள் தாயார் அவனோடு இருக்கிறார்.

2. போன குளிர்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்காலில் தகடு வைத்தார்கள். தம்பியின் வீடு நான்காம் மாடி. மின்தூக்கி கிடையாது. மருத்துவமனையிலிருந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நாங்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் மேலே ஏறினோம். அன்று ஏறியவர் அதன்பிறகு தெருவில் கால் வைக்கவில்லை. தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கி அம்மாவை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் படிக்கட்டிலேயே நான் முடிவு செய்தேன். எனக்கு இரண்டு படி கீழே, நாற்காலியின் மறு காலைப் பிடித்துக்கொண்டிருந்த என் தம்பியும் அதையேதான் முடிவு செய்திருக்கிறான். அவன் பக்கத்துச் செய்திகளெல்லாம் எனக்குப் பிறகுதான், அம்மா வழியாகத் தெரிந்தன.

3. எதிர்மனுதாரரான தரகர் எங்கள் மொழி பேசுபவர். இங்குள்ள எங்கள் மக்கள் அவரை "நம்மாளு" என்றே அழைக்கிறார்கள். வேற்று நாட்டில் வீடு வாங்குகிறவருக்குச் சட்டமும் புரியாது, தாள்களும் புரியாது. நம் மொழியில் "அக்கா" என்று ஒருவர் கூப்பிட்டால் பாதி பயம் போய்விடும். அந்தப் பாதி பயத்தை வைத்துத்தான் அவர் பிழைப்பு நடத்துகிறார்.

4. அவர் காட்டிய வீடு எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. வாசலில் படி இல்லை. குளியலறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பின்கட்டில் ஓர் எலுமிச்சை மரம். பின்னறையில் அம்மாவின் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று நானும் கணவரும் அங்கேயே நின்று வாக்குவாதம் செய்தோம். தரகர் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தார். பிறகு சொன்னது இது:

"அக்கா, கையெழுத்து ஆகுற வரைக்கும் இதைச் சொந்தக்காரங்க யார் காதுலயும் போடாதீங்க. நம்ம சனத்தைப் பத்தித்தான் தெரியுமே. ஒருத்தருக்குத் தெரிஞ்சா நாலு பேர் வந்து விலையை ஏத்தி விட்டுருவாங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. முடிவாகாத காரியத்தைச் சொல்லி ஆசை காட்ட வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லவில்லை. தம்பியிடமும் அவர் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்கிறார், ஒரே வித்தியாசம், "அக்கா"வுக்குப் பதில் "தம்பி."

5. விலை பற்றி. விளம்பரத்தில் இருந்த விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். எங்கள் சேமிப்பு, வங்கிக் கடன், என் வளையல்கள் எல்லாம் சேர்த்து அது எங்களுக்கு எட்டும் விலை. முன்பணம் கொடுத்த மறுவாரமே உரிமையாளர் மனம் மாறிவிட்டதாகச் சொல்லி, தரகர் எட்டாயிரம் ஏற்றினார். பிறகு வெளிநாட்டவர் வாங்கினால் தனி அனுமதிக் கட்டணம் என்றார். (அப்படி ஒரு கட்டணமே கிடையாது என்று தங்கள் முகப்பு ஊழியர் சொல்லி, சற்று நேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.) அதன்பிறகுதான் "இன்னொரு பார்ட்டி" வந்தது.

6. அந்த இன்னொரு பார்ட்டி எங்கள் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டதைப் போல இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அதைப் பற்றிப் பேச்சு. தொலைபேசி அடித்தால் அது. "அவங்க ரொம்பப் பிடிவாதமா இருக்காங்க அக்கா. நீங்க இன்னும் கொஞ்சம் ஏத்துனா நான் பேசி முடிச்சிடுறேன்." நாங்கள் ஏற்றினோம். கணவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார். வேலையிடத்தில் சூடான படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே, முகம் தெரியாத அந்த ஆளை நான் வாயாரச் சபித்தேன். அதே நேரத்தில் மாவு இயந்திரத்தின் அருகில் நின்று என் தம்பி என்னைச் சபித்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஏற்ற, அவன் ஏற்ற, விலை இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்குப் போய்விட்டது.

7. தரகருக்கு எங்கள் உறவு தெரியாது என்று சொல்ல முடியாது. கடன் விண்ணப்பத்துக்காக இருவரிடமும் பிறப்புச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அதில் தந்தை பெயர் ஒன்று, தாய் பெயர் ஒன்று. தம்பியின் வீட்டுக்குப் போய் அம்மா கையால் தேநீரும் குடித்திருக்கிறார். வீட்டு விஷயம் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பதால், தம்பி அவரை வேலையிடத்து நண்பர் என்று சொல்லி வைத்திருந்தான். எங்கள் அம்மாவும் அந்த மனிதரை, நொண்டி நொண்டி நடந்து, உபசரித்திருக்கிறார்.

8. இறுதி விலை பேச வரச்சொன்ன நாளில், அவருடைய அலுவலகப் பெண் தவறுதலாக இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நானும் கணவரும் உள்ளே போனால், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் என் தம்பி, அருகில் அவன் மனைவி. அவன் மடியில் எலுமிச்சை மரத்தோடு அந்த வீட்டின் புகைப்படம்.

"நீ எங்கக்கா இங்க?" என்றான்.

நான் புகைப்படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டு, "ஐயோ, அந்த இன்னொருத்தர் நீங்கதானா?" என்றாள்.

அந்த நிமிடம் அப்படியே விட்டிருந்தால் நாங்கள் நால்வரும் சிரித்திருப்போம், அல்லது சேர்ந்து அந்த மேசையைப் புரட்டியிருப்போம். அதற்குள் தரகர் உள்ளறையிலிருந்து வந்தார். ஒரே பார்வையில் நிலைமையைக் கணக்குப் போட்டார். மறுபடி இருவரும் ஒன்று சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, என் தம்பியின் தோளில் கை போட்டு இப்படிச் சொன்னார்:

"நான் சொல்லவேணாம்னுதான் இருந்தேன் தம்பி. அக்காவுக்கு எல்லாம் முதல்லயே தெரியும். நீங்கதான் எதிர்ல நிக்கிறீங்கன்னு சொன்னேன். அப்பவும் விட்டுக்குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

ஐயா, இந்த மனுவில் எதைப் படிக்காவிட்டாலும் மேற்கண்ட வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள். இது முழுப் பொய். விலையில் சொன்ன பொய்களை நான் மன்னிக்கக்கூட முயற்சி செய்வேன். இதை மன்னிக்க மாட்டேன்.

9. தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "சோபாவுல படுக்க வச்சதுக்கு இப்ப வாடகை கேக்குறியாக்கா?" என்று மட்டும் கேட்டான். மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டான். அன்று முதல் என் எண்ணை அவன் எடுப்பதில்லை. நான் போய் மணியடித்தால் கதவு திறப்பதில்லை. அவனுக்குத் தெரியாமல் என்னை உள்ளே விட அவன் மனைவிக்கும் மனம் வரவில்லை.

10. அம்மாவால் இறங்கி வர முடியாது. என்னால் ஏறிப் போக முடியாது. ஆகவே வேலை முடிந்ததும் அவர்கள் கட்டடத்துக்கு எதிர் நடைபாதையில், சைக்கிள் கடை வாசலில் நிற்கிறேன். அம்மா நான்காம் மாடி ஜன்னலுக்கு வருகிறார். தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். பேருந்து குறுக்கே வந்தால் அது போகும்வரை காத்திருக்கிறோம். சென்ற வாரம் சொன்னார்: "எனக்காகத்தானே ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்க? எனக்கு எந்த வீடும் வேணாம்மா. அவன் சரியா சாப்பிடுறதில்ல. அதைப் போய் யார்கிட்ட சொல்றது?" சைக்கிள் கடைக்காரர் எனக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். வெட்கமாக இருந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

11. அழுதுகொண்டிருப்பதில் பயனில்லை என்று, அந்த வீட்டுக்கு நேரில் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்து உரிமையாளரின் எண்ணைப் பெற்றேன். அவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. இப்போது மகளோடு வசிக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டு என் காதையே நம்ப முடியவில்லை. அவர் சொன்ன விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்தான். அதை ஒருபோதும் ஏற்றவில்லை. மாறாக, வீட்டுச் சுவரில் ஈரம் இருப்பதாகவும், வாங்க வந்தவர்களெல்லாம் பின்வாங்குவதாகவும் தரகர் அவரிடம் சொல்லிச் சொல்லி, இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார். அந்த விலைக்கு வாங்கப் போகிறவர் யார் என்று கேட்டேன். அவர் வாசித்துக் காட்டிய பெயர், இங்குள்ள எங்கள் மக்கள் எல்லோரும் அறிந்த, தரகரின் மனைவியுடைய தம்பியின் பெயர். மலிவாக அவர் பெயரில் வாங்கி, எங்கள் இருவரில் அதிகம் தருபவர் தலையில் கட்டுவதுதான் ஏற்பாடு. அந்த அம்மையாரிடம் நான் என் பக்கத்தைச் சொன்னபோது அவர், "எனக்கு ஆள் கிடைக்கலைன்னு இத்தனை நாள் நான் தூங்கவே இல்லை" என்றார். தங்கள் முன் வந்து சாட்சி சொல்ல அவர் சம்மதித்துள்ளார். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் அவர் முன்பே கையெழுத்திட்டுவிட்டதால் தானாக விலக முடியவில்லை என்பதையும், வரும் மாதம் முதல் வாரத்தில் அந்த வீட்டைப் பதிவு செய்ய நாள் குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் தங்கள் அவசர கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

12. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். "பேப்பரைப் படிச்சுட்டுத்தானேக்கா கையெழுத்துப் போட்டீங்க? நீங்களா விலகுனா பணம் வராது" என்றார். நான் படித்தது அவர் மொழிபெயர்த்துச் சொன்னதை. அப்படி ஒரு வரியை அவர் சொல்லவேயில்லை. பேச்சு முற்றியதும், வேறு வீடு காட்டட்டுமா என்று கேட்டார். அதையும் அதே சிரிப்போடு கேட்டார். மேசைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு கண்ணாடிக் குண்டு வைத்திருந்தார். அதைத் தொடாமல் வெளியே வந்ததை என் வாழ்நாள் பொறுமையாகக் கருதுகிறேன்.

ஆகவே கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறேன்.

அ. விசாரணை முடியும்வரை அவ்வீட்டின் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும்.

ஆ. தரகரின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். எச்சரித்து அனுப்புவது போதாது. எச்சரிக்கையைச் சட்டம் போட்டு மாட்டி அதன்கீழேயே உட்கார்ந்து தொழில் செய்யக்கூடியவர் அவர்.

இ. எங்கள் முன்பணத்தையும், என் தம்பியின் முன்பணத்தையும் திருப்பித் தர உத்தரவிட வேண்டும். அவன் தனியாக மனு தர மறுத்துவிட்டான். என் பெயர் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்திட மாட்டானாம். அவனுக்கும் சேர்த்து நானே கேட்கிறேன். அக்கா என்ற முறையில் அதற்கு எனக்கு உரிமை உண்டென்று கொள்ளவும்.

ஈ. தரகரையும் அவருடைய அலுவலகப் பெண்ணையும் விசாரித்து, போட்டியிட்டவர் யார் என்பது எனக்கோ என் தம்பிக்கோ அந்த நாள்வரை தெரியாது என்ற உண்மையைத் தங்கள் தீர்ப்பில் ஒரு வரியாகவாவது எழுத வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கை தங்களுக்குச் சிறியதாகத் தோன்றலாம். வீடு போனால் இன்னொரு வீடு பார்ப்போம். பணம் வராவிட்டால் கணவர் இன்னும் சில ஞாயிறுகள் வேலைக்குப் போவார். அந்த ஒரு வரியை மட்டும் எங்களால் சம்பாதிக்க முடியாது. நான் சொன்னால் என் தம்பி நம்பவில்லை. அம்மா சொல்லியும் நம்பவில்லை. அரசு முத்திரை குத்திய தாளை நம்புவான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான்.

தீர்ப்பின் நகல் எனக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. அதை என் தம்பியின் முகவரிக்கு அனுப்புங்கள். நான்காம் மாடி, இடப்பக்கக் கதவு. தபால்காரர் அலுத்துக்கொண்டு கீழேயே வைத்துவிட்டுப் போகாமல், மேலே ஏறி அவன் கையிலேயே கொடுக்கும்படி சொல்லியனுப்புங்கள்.

எந்த நாள் அழைத்தாலும் நேரில் வரச் சித்தமாயுள்ள,

(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: சலவைப் பிரிவு ஓய்வறை
நாள்: மார்ச் 14

இணைப்பு: முன்பண ரசீது நகல்; விளம்பர நகல்; இசை ஆசிரியை அவர்களின் சம்மதக் கடிதம்.