பாதியில் நின்ற பதில்

பக்கத்து வளவுப் பெண் இன்று காலை தன் மகளின் கடவுச்சீட்டோடு வந்தார். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டுமாம். புதுக் கடவுச்சீட்டின் பசை வாசம் விரல்களில் ஒட்டிக்கொண்டது. பிறந்த ஆண்டைப் பார்த்தேன், பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நிரப்பிக் கொடுத்தேன். பிறந்த ஆண்டை ஏன் அப்படி உற்றுப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

தங்கச்சி, நீ வெளிநாடு போனபோது உன் கடவுச்சீட்டில் உனக்கு இருபத்தைந்து வயது. உண்மையில் பதினேழு. கடலுக்குப் போன வாப்பா திரும்பி வராத வீட்டில் நீதான் மூத்தவள். தையல் தொழிற்சாலையில் வேலை என்று சொல்லித்தான் முகவர் உன்னையும் பாலமுனை ஜெஸ்மினையும் ஒரே விமானத்தில் ஏற்றினார். நீங்கள் இறங்கியது வேறொரு நாட்டில். தொழிற்சாலை இல்லை. ஆளுக்கொரு வீடு, வெளியே பூட்டிய கதவு. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வீட்டுக்காரர்கள் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டதில் உன் இடுப்பு உடைந்ததும்தான் திருப்பி அனுப்பினார்கள். ஜெஸ்மினைப் பற்றி யாருக்கும் தகவலில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆட்கடத்தலைத் தடுக்க எல்லா நாடுகளும் ஏற்கக்கூடிய சட்ட வரைவு ஒன்றைப் பேசுவதற்காகப் பல நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொழும்பில் கூடவிருந்தார்கள். அனுபவித்த ஒருவரின் வாயால் கேட்க விரும்பினார்கள். மொழிபெயர்ப்பாளராக இருந்த நான் உன்னைத் தேடிக் கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தேன்.

"ஊருக்குள்ள கதைக்கிறது போதாதா?" என்று உன் உம்மா மறுத்தார்.

"நான் போறன் உம்மா. ஜெஸ்மின்ட பேரச் செல்ல வேற ஆரு இரிக்கா?" என்றாய் நீ.

கொழும்புக்குப் போகும் வழியெங்கும் போர்க்காலச் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். ஜெஸ்மினைப் பற்றிக் கடைசியாகச் சொல்லப்போவதாகச் சொன்னாய். கடைசியில் சொல்வதுதான் ஆட்களின் மனதில் நிற்குமாம்.

அந்த மண்டபத்தின் குளிரில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு நீ பேசினாய். நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். முடியும் நேரத்தில், நரைத்த தலையுடைய வெளிநாட்டு உறுப்பினர் ஒருவர், ஒரு பெண்மணி, கேட்டார்: "நீங்கள் விரும்பித்தானே போனீர்கள்?"

"ஓம், விரும்பித்தான் போன நான். ஆனா நான் விரும்பின இடம் அது இல்ல. அந்த வீட்டுக்கு என்னக் கேட்டுக் கொண்டு போகல்ல. ஜெஸ்மின் இன்னம் அங்கதான் இரிக்காள். அவள எடுத்துத் தாங்க."

"ஆம், விரும்பித்தான் போனார்" என்றேன் ஆங்கிலத்தில். அதற்குள் தலைவர் மணியை அடித்தார். நேரம் முடிந்துவிட்டது. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அந்தப் பெண்மணி தாளில் எதையோ குறித்துக்கொண்டார். நான் எழுந்து சொல்லியிருக்கலாம். பெரிய மனிதர்களின் சபை. பேசாமல் இருந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாய். "முழுசாச் சென்னீங்களா ராத்தா?"

"ஓம்" என்றேன். நீ என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனாய்.

பிறகு வரைவின் பிரதி என் கைக்கு வந்தது. தம் விருப்பத்தோடு போனவர்களை இச்சட்டம் கருத்தில் கொள்ளாது என்று ஒரு வரி அதில் இருந்தது. நான் பாதியில் விட்ட பதிலால்தான் அந்த வரி வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. கொழும்புக் கூட்டம் முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் வந்தேன். அதற்குள் நீ பாயில் கிடந்தாய். அங்கே பட்ட அடிகளில் சிறுநீரகமும் பழுதாகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"ஏன் அண்டைக்கே செல்லல்ல?"

"பயந்திட்டன்."

"நான் பயப்படல்லியே ராத்தா."

"கடதாசி எடுங்க" என்றாய். அந்தப் பெண்மணிக்கு உன் பதிலை ஒரு சொல் விடாமல் எழுதினேன். கீழே நீ கையெழுத்து வைத்தாய். இரண்டு வாரத்தில் மௌத்தாகிவிட்டாய்.

உனக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓதியதற்கு மறுநாள் அந்தப் பெண்மணியின் பதில் வந்தது. உன் வார்த்தைகளைத் தன் நாடாளுமன்றத்தில் வாசித்தாராம். ஜெஸ்மின் இருந்த நாட்டின் சபை உறுப்பினர் ஒருவரும் அவரும் சேர்ந்து, முகவர் வழியே விசாரித்து, அவள் அடைபட்டிருந்த வீட்டைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அந்த வரியை மாற்ற வேண்டும் என்று பல நாட்டு உறுப்பினர்கள் கையொப்பமிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.

அடுத்த மாதம் ஜெஸ்மின் வந்து சேர்ந்தாள். நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். உன் உம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லி அழுதார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கடிதம் எழுதிய நாளிலிருந்து ஜெஸ்மின் வீடு வந்துசேர மூன்று மாதம். நான் வாய் திறக்காமல் இருந்தது நான்கு மாதம். இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், தங்கச்சி. அன்றைக்கே நான் எழுந்து சொல்லியிருந்தால், அவள் உன் பாயருகே வந்து உட்கார்ந்திருப்பாள்.