பின்மூடியின் நான்கு திருகாணிகள்

பிப்ரவரி 4

அன்புள்ள புயலுக்கு,

இங்கே இருவரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் பெட்டி நேற்றுக் காலை பதினொன்று இருபதுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அதற்கு முன்பே ஐந்து நிமிடம் வாசலில் நின்றிருக்கிறார். எங்கள் அழைப்புமணி ஆறு வருடமாக ஊமை என்று போன வருடமே உனக்கு எழுதியிருந்தேன். ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதை ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். நான் சால்டர் கோலைத் தொடுவதில்லை.

"பெல்ல அழுத்தி அழுத்தி வெரலே தேஞ்சுபோச்சு சார்" என்றார் அவர்.

"கதவத் தட்டணும்ப்பா. இந்த வீட்டுல எல்லாமே தட்டினாத்தான் நடக்கும்" என்று தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள் மனைவி.

நாற்பத்திரண்டு வருடம் கழித்து அந்தச் சிவப்பு மின்கிதாரைப் பார்த்தேன். கடையில் தொங்கியதிலேயே மலிவானது. ஒட்டுப்பலகை உடம்பு. நீ மாடிப்படியில் தவறவிட்டபோது சிதைந்த மூலை அப்படியே இருக்கிறது. உறையைத் திறந்ததும் நம் விடுதி அறையின் வாசனை வந்ததாக எனக்குத் தோன்றியது. அது பூஞ்சை என்கிறாள் மனைவி.

உள்ளே நீ வைத்திருந்த சீட்டையும் படித்தேன். "இதை ஒரு நல்ல கிதாராக்கு. முதலில் பின்மூடியைத் திற."

பதினைந்து வருடமாகக் கடிதம் எழுதிக்கொள்கிறோம். கருந்துளைகள், விண்மீன் கூட்டங்கள், காலம் எப்போது தொடங்கியது என்பதுவரை அலசிவிட்டோம். அந்த ஒரு மாலையைப் பற்றி மட்டும் இருவரும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். கல்லூரியின் கடைசி விழா. அதற்கு முந்தின நாள் நான் ஒலிவடம் செருகுகிற ஜாக்கைப் புதிதாகப் பொருத்தி, உள்ளே எல்லாக் கம்பிகளையும் என் கையால் பற்றவைத்தேன். விழா அன்று நாலு மணிக்குச் சோதித்தபோது பாடியது. ஆறு மணிக்கு மேடையில் 'உம்' என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. உன்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதற்காகவே வந்திருந்த ஓட்டல் இசைக்குழுத் தலைவர் முன்வரிசையிலிருந்து எழுந்து போனார். நீ முப்பத்தைந்து வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு புரட்டினாய்.

அந்த மூடிக்குள் இருப்பது என் கைவேலை. அதைப் பார்க்கக் கொஞ்சம் தெம்பு சேர்க்க வேண்டும். ஆகவே வெளியிலிருந்து தொடங்குகிறேன். முதலில் முறுக்காணிகள். கோபித்துக்கொள்ளாதே.

என்றும் உன்,
முழக்கோல்


பிப்ரவரி 12

டேய் முழக்கோல்,

எடை அளவு ஆய்வாளராக இருந்து ஊரில் உள்ள தராசையெல்லாம் மிரட்டியவன், நாலு திருகாணியைப் பார்த்து நடுங்குகிறாயே!

வெளிவேலை எல்லாம் அப்புறம். உள்ளே பார். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிதாரைப் பெட்டியில் வைக்கும்போது விடுதியின் பொதுஅறைத் தொலைக்காட்சி ஞாபகம் வந்தது. மழை மதியங்களில் நிலையம் கிடைக்காமல் திரை முழுக்கப் புள்ளிகளாகக் கொதிக்கும். எல்லோரும் எழுந்து போவார்கள். நீ மட்டும் பக்கத்தில் போய் உட்காருவாய். "இதுல நூத்துல ஒரு பங்கு, பிரபஞ்சம் பொறந்தப்பக் கெளம்பின வெளிச்சம்டா" என்பாய். நான் கிதாரைச் செருகி அது 'உம்' என்றதும், "அப்ப இதுவும் அதானாடா?" என்று கேட்டேன். நீ எவ்வளவு வருத்தத்தோடு சொன்னாய்! "இல்லடா, இது வெறும் கரண்ட்டு. செகண்டுக்கு அம்பது தடவ."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன, சரிபார்க்கவா போகிறேன்? உனக்குப் பொய் வராது. அதுதான் உன்னிடம் எனக்குள்ள தொல்லை.

மூடியைத் திறந்துவிட்டு எழுது.

புயல்
(இப்போது வெறும் காற்று)


மார்ச் 1

அன்புள்ள புயலுக்கு,

நான் இன்னும் திறக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. ஆறு முறுக்காணிகளும் புதிது. இப்போது சுருதி சேர்த்துவிட்டு மறுநாள் காலை பார்த்தாலும் நிற்கிறது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படுக்கும் பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிட்டு, எலும்பில் ஒன்று அராவி வைத்தேன். மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளின் ஓரம் கையைக் கீறும் என்று திட்டுவாயே, நினைவிருக்கிறதா? நாற்பத்து நான்கு முனைகள். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இழுப்பு அரம் போட்டேன்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல எனக்கு ஒரு நாளாவது நகம் வெட்டிவிட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

"நீ கேட்டதில்லையே."

"அது மட்டும் கேட்டுச்சாக்கும்!"

நடுவில் ஒரு கட்டுரை படித்தேன். பிரபஞ்சம் என்ன வேகத்தில் விரிகிறது என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றனவாம். ஆதியிலிருந்து வரும் பழைய ஒளியை வைத்துக் கணக்கிடுகிறவர்களுக்கு அறுபத்தேழு வருகிறது. விண்மீன்களைப் பார்த்து அளக்கிறவர்களுக்கு எழுபத்து மூன்று. இரு தரப்பும் மிகக் கவனமானவர்கள். யாரும் விட்டுக்கொடுப்பதாயில்லை. காலமெல்லாம் தராசோடு இருந்தவனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா உட்கார முடியுமா? அளவு பொருந்தாவிட்டால் எனக்கு எப்போதும் முதல் சந்தேகம் அளந்தவன்மேல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரி முடிந்ததும் வானொலித் தொலைநோக்கிப் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. ரொம்ப தூரம், அதனால் போகவில்லை என்று அப்போது உன்னிடம் சொன்னேன். தூரம் காரணமில்லை. அங்கே எனக்குக் கொடுத்தது கம்பி பற்றவைக்கும் பிரிவு. விண்ணைக் கேட்கிற கருவியிலும் நான் வைத்த ஈயப் பற்று விட்டுப்போனால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன். தராசில் பற்றவைக்க எதுவும் கிடையாது. அதனால் இங்கே சேர்ந்தேன். எனக்குப் பொய் வராது என்று நீ எழுதினாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பின்மூடியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

உன்,
முழக்கோல்


மார்ச் 7

முழக்கோல்,

அந்த வேலையை விட்டதற்கு இதுதான் காரணம் என்று ஏன் எனக்குச் சொல்லவேயில்லை?

இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே மூடியைத் திற. சாப்பிட்டுவிட்டு என்று தள்ளிப்போடாதே.

புயல்


மார்ச் 15

அன்புள்ள புயலுக்கு,

திறந்துவிட்டேன்.

நான்கு திருகாணிகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். உள்ளே என் பற்றுகள் ஏழு. பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பளபளப்பு போயிருக்கிறது, ஆனால் ஒன்றிலும் விரிசல் இல்லை. இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஏழும் அசையவில்லை. ஒலிக் குமிழிலிருந்து ஜாக்குக்குப் போகும் வெள்ளைக் கம்பி மட்டும் நட்டநடுவில் இரண்டு துண்டாக இருக்கிறது.

இரண்டு நாள் இதைப் பற்றியே யோசித்தேன். வேலை முடிந்ததும் மிச்சக் கம்பி நுனிகளை நறுக்கினேன் அல்லவா? அப்போது கத்தரி இதிலும் பட்டிருக்க வேண்டும். நாலு மணிவரை ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்து, பிறகு விட்டிருக்கும். ஆக, இத்தனை காலம் பற்று என்று நினைத்தேன். கத்தரி என்று இப்போது தெரிகிறது. எப்படியானாலும் என் கைதான்.

மனைவி கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "எல்லா இழையும் ஒரே நேரா இருக்குங்க. இது தானா விட்டதில்ல. ஒரே வெட்டு. முப்பது வருஷமாத் துணி வெட்டறேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். துணி வேறு, கம்பி வேறு என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் அன்று மேடையில் மன்னிப்புக் கேட்டேன். தவறான காரணத்துக்குக் கேட்டுவிட்டேன். சரியான காரணத்தோடு இப்போது மறுபடி கேட்கிறேன்.

உன்,
முழக்கோல்


மார்ச் 21

முழக்கோல்,

உன் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் சொன்னதுதான் சரி.

நான்தான் வெட்டினேன்.

ஐந்து மணிக்கு உடை மாற்றும் அறையில் தனியாக இருந்தேன். திரையை விலக்கிப் பார்த்தேன். ஓட்டல்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நொடியிலிருந்து என் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. வாசித்துச் சொதப்பினால், 'புயல் இவ்வளவுதானா' என்பார்கள். கிதார் கெட்டுப்போனால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பையில் சவர பிளேடு இருந்தது. நாலு திருகாணி, ஒரே இழுப்பு.

கருவியின்மேல் பழி போகும், அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். நீ மேடைக்கு ஓடிவருவாய் என்று நினைக்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "என் தப்புடா, என் சால்டர் விட்டுப்போச்சுடா" என்று அழுதாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "போனாப் போகுது விடுடா" என்று உன் தோளில் கைபோட்டேன். உன்னை மன்னித்த பெரிய மனிதன் மாதிரி. எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள்.

மணியைச் சரிசெய்யப் பயம் என்று போன வருடம் நீ விளையாட்டாக எழுதினாய். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நேரே சொல்ல வாய் வரவில்லை. அதனால் பெட்டியை அனுப்பினேன். நீயே கண்டுபிடித்து என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ என்னடா என்றால் என்னிடமே மன்னிப்புக் கேட்கிறாய்!

ஒரு கம்பியைத்தான் வெட்டினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பட்டறை வேலையைப் பற்றிப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நீ பதில் எழுதாவிட்டால் எனக்குப் புரியும்.

புயல்


ஏப்ரல் 19

அன்புள்ள புயலுக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் கெட்ட வார்த்தைகள் இருந்தன. எழுத்துப்பிழை பார்த்துத் திருத்திவிட்டுத்தான் கிழித்தேன்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நான் சொன்னேன்ல?" என்றாள். கொஞ்ச நேரம் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த வேலைக்குப் போயிருந்தா என்னையப் பாத்தே இருக்கமாட்டீங்க" என்றாள். உண்மைதான். ஆனால் இதை உனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பட்டறையை நினைக்காமல் எனக்கு ஒரு வருடமும் போனதில்லை.

எந்தக் கடைக்குப் போனாலும், தராசில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். என் விஷயத்தில் மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்பதே சரி. அந்தப் பயத்தில் பாதி உன்னால் வந்தது. மீதி என்னுடையது.

நீ வெட்டியது ஒரு நிமிட வேலை. விரல் நடுங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதை விட்டுவிட்டேன். சொல்லாமல் இருந்தாயே, அதை விட்டுவிட நாள் பிடிக்கும். எத்தனை நாள் என்று கேட்காதே. அறுபத்தேழா எழுபத்து மூன்றா என்று எனக்கே தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சால்டர் கோல் ஒன்று வாங்கினேன். இரண்டு தடவை எடுத்துக் கீழே வைத்தேன். பயம் கொஞ்சம், வயது மிச்சம். கோல் சூடாகிப் புகை வந்ததும் விடுதி அறையே வந்துவிட்டது. இந்தத் தடவை பூஞ்சை என்று மனைவியும் சொல்லவில்லை. வெள்ளைக் கம்பியின் இரு துண்டையும் சேர்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். 'உம்' என்றது. உள்ளங்கையைக் கம்பிகளின்மேல் வைத்தேன். இரைச்சல் அடங்கியது. ஒரு கம்பியை மட்டும் தட்டினேன். அன்று நாலு மணிக்குக் கேட்ட அதே குரல், புயல். நான் சோதித்து முடித்ததும் நீ சிரித்தாயே, அதுகூடக் கேட்டது.

ஒலி பிடிக்கும் காந்தச் சுருளையும் மாற்றுவதற்காக நல்லதாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மாட்டவில்லை. மற்றதெல்லாம் புதிதாகிவிட்டது. குரல் பழையதாகவே இருக்கட்டும்.

கிதாரை உனக்குத் திருப்பி அனுப்பப் போவதில்லை. மே மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை ஆறு மணிக்கு நீ இங்கே வந்து அதை வாசிக்க வேண்டும். அன்று வாசிக்காமல் விட்ட பாட்டு. முன்னறையில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு நாற்காலி போட்டிருப்பேன். கால்மேல் கால் போட்டுத்தான் உட்காருவேன். நடுவில் எழுந்து போகமாட்டேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. பின்மூடியின் திருகாணிகளை இறுக்கி வைத்திருக்கிறேன். பிளேடு கொண்டுவராதே.

வந்ததும் கதவைத் தட்ட வேண்டாம். கொஞ்சம் ஈயம் மிச்சம் இருந்தது. மணியை அழுத்து.

முழக்கோல்