புத்தகங்களுக்கு அடியில் டோஃபு

ஜூன் 11, வியாழன்

காலையிலிருந்து மழை. கட்டுகஸ்தோட்டையில் பஸ் நாற்பது நிமிடம் நகரவில்லை. சப்பாத்து இன்னும் ஈரம்.

டோஃபு இரண்டு பெட்டி வாங்கி வந்தேன். தண்ணீரைப் பிழிய மேலே பாரம் வைக்க வேண்டுமாம். போர்டிங்கில் அம்மி இல்லை, கல் இல்லை. கணக்கியல் புத்தகங்கள் நான்கை அடுக்கினேன். படித்து முடித்து ஒரு வருடம், இன்றுதான் அவற்றால் நேரடிப் பலன்.

நாளைக்குச் செய்ய வேண்டியவை:
- வெள்ளைச் சட்டை அயன்
- பஸ் சீசன் டிக்கெட்
- மிஸ்ஸிடம் வாய் திறந்து "எடுங்க மிஸ்" என்று சொல்வது

மூன்றாவதுதான் கஷ்டம். அலுவலகத்தில் பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக் கறிகளை மாற்றிக்கொள்வார்கள். நான் மூன்று மாதமாக என் கதிரையிலேயே சாப்பிட்டேன். ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்காரக் கூச்சம். போன வாரம் யோகா மிஸ்தான் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பிரிவின் சீனியர் கிளார்க். மீனில்லாமல் சோறு இறங்காதவர், இப்போது ஒரு மாதமாகப் பருப்பும் பூசணியும் மட்டும். ஊரில் அவருடைய அம்மாவுக்கு வரும் புதன் இருதய ஒப்பரேஷன். அது முடியும் வரை மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று நேர்த்தி.

அதனால் இந்த டோஃபு. ஃபோனில் ஒரு வீடியோ, மாட்டிறைச்சி ஸ்டேக் மாதிரி வருமாம். நான் ஸ்டேக் சாப்பிட்டதில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

ஜூன் 12, வெள்ளி

இரவு முழுக்க சோஸில் ஊறியது. விடிய எழும்பித் தாச்சியில் போட்டேன். ஓரம் கறுத்து, நடுவில் பளபளப்பு. அறை முழுக்கப் பூண்டும் மிளகும். அறைத்தோழி பர்ஸானா தூக்கத்திலேயே, "யாருடீ மாட்டைக் கொண்டு வந்தது?"

மேசையில் டப்பாவைத் திறந்ததும் ராஜன் அண்ணன், "இது பசுவா எருமையா, தங்கச்சி?"

"டோஃபு அண்ணே. சோயா."

"உங்க ஊர் கலஹாவில இப்ப சோயா கொம்போட முளைக்குதா?"

எல்லோரும் சிரிக்க, எனக்குக் காது சுட்டது. மிஸ் சிரிக்கவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"ஒரு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் பிள்ளை நாக்குக்கு உயிர் வந்திருக்கு."

மூன்று துண்டு சாப்பிட்டார். "செய்முறை எழுதித் தாரும். அம்மா வீட்டை வந்தோண்ண செய்து குடுக்கோணும். திங்கள் மத்தியானம் பஸ், அதுக்கு முந்தித் தாரும்."

இன்று நான் மேசையில் நான்கு முறை பேசினேன். எண்ணினேன்.

ஜூன் 13, சனி

செய்முறை எழுத உட்கார்ந்தேன். சோயா சோஸ் 3 மேசைக்கரண்டி. வூஸ்டர் சோஸ் 2. இனிப்புக்குக் கித்துள் பாணி 1. பூண்டு, மிளகு, தேசிக்காய்ச் சாறு. வூஸ்டர் சோஸின் பெயரைச் சரியாக எழுதப் போத்தலை எடுத்தேன். பின்பக்கம் பொடி எழுத்து. நடுவில் ஒரு சொல், அன்சோவி. நான்கு வருடப் படிப்பில் எந்தப் பாடத்திலும் வராத சொல். ஃபோனில் தேடினேன். படம் வந்தது.

நெத்தலி.

பர்ஸானா ஊருக்கு, தெல்தெனியவுக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். காட்டினேன்.

"பின்னுக்கு ஈக்கிறத வாசிக்காமலா வாங்கின? நாங்க எந்தப் போத்தலையும் ஹலாலாண்டு பார்க்காம கூடைல போட மாட்டோம்."

"எனக்குத் தோணல."

"அவங்களுக்கிட்ட செல்லு."

"ஒப்பரேஷன் முடிஞ்சப்புறம் சொல்லலாமா?"

"நல்லா முடிஞ்சா செல்லுவ. இல்லாட்டி?"

அவள் போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. சுத்தமான காகிதத்தில் இன்னொன்று எழுதினேன், இரண்டாவது வரியான வூஸ்டர் சோஸ் இல்லாமல். அழகான கையெழுத்து. யாருக்கும் எதுவும் தெரியாது.

பின் மூன்றாவது காகிதம். இரண்டாவது வரியோடு, பக்கத்தில்: இதில் மீன் இருக்கிறது. அன்று எனக்குத் தெரியாது.

ஜூன் 14, ஞாயிறு

கலஹா. மாதா கோயில் பூசைக்குப் போனேன், பிரசங்கம் ஒரு சொல் ஞாபகமில்லை. அம்மா, "ஒபிஸ்ல எல்லாரும் நல்லா பழகுறாங்களா?" "ஆமாம்மா." தம்பியின் சைக்கிளுக்குப் புது பெல். மதியம் நெத்தலிக் குழம்பு. பசியில்லை என்றேன்.

ஜூன் 15, திங்கள்

பையில் இரண்டு காகிதம். இடப்பக்கம் பொய், வலப்பக்கம் உண்மை. பதினொன்றரைக்கு மிஸ் கிளம்பினார். கை வலப்பக்கம் போனது. கொடுத்தேன்.

அவர் மடித்தபடியே கைப்பையில் வைத்தார். "அம்மா வந்தாப்பிறகு ஆறுதலா வாசிக்கிறன்."

நிம்மதி. கொடுத்தாயிற்று, வாசிக்காதது என் குற்றமில்லை. அந்த நிம்மதி பத்து நிமிடம் கூட நிற்கவில்லை. அரைநாள் லீவு எழுதிவிட்டுக் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மழை மறுபடி. யாழ்ப்பாண பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மூன்றாவது யன்னலில் மிஸ்.

"என்ன பிள்ளை, ஏதும் விட்டிட்டு வந்திட்டனோ?"

"இல்லங்க மிஸ். வெள்ளிக்கிழம நான் தந்ததுல மீன் இருந்துச்சு. சோஸ்ல. எனக்குத் தெரியாது. சனிக்கிழமதான் பார்த்தேன்."

முகம் அப்படியே நின்றது.

"சனிக்கிழமை பாத்தனீர். இண்டைக்குத் திங்கள்."

"பயம் மிஸ். பேப்பர்ல எழுதியிருக்கேன். நீங்க வாசிக்கல."

கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"எத்தினை துண்டு சாப்பிட்டனான்?"

"மூணு."

கொண்டக்டர் கத்த, பஸ் நகர்ந்தது. மிஸ் யன்னலைச் சாத்தினார். மழைக்காகவா, எனக்காகவா தெரியவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

மேசைக்குப் போகவில்லை. என் கதிரையிலேயே. ராஜன் அண்ணன், "இண்டைக்கு மாடு இல்லையா?" தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூன் 17, புதன்

ஒப்பரேஷன் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைக்கவில்லை. காலை எட்டிலிருந்து ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கடிதத்தில் திகதி பிழை, திரும்ப அடித்தேன். மெசேஜ் எழுதினேன், அழித்தேன். மீண்டும் எழுதினேன், "மிஸ்" என்ற சொல்லோடு நின்றுவிட்டது. அழித்தேன். மாலை தலதா வீதியில் பஸ்ஸில் ஏறாமல் வாவியை ஒரு சுற்று நடந்தேன். ஒன்றும் வரவில்லை.

ஜூன் 18, வியாழன்

வெயில். 10.20க்கு ஃபோன் அதிர்ந்தது. கழிவறைக்குப் போய்த் திறந்தேன்.

"அம்மா கண் முழிச்சிட்டா. தண்ணி கேட்டவ."

சுவரில் சாய்ந்துகொண்டேன். அடுத்தது வரக் கால் மணி ஆனது.

"செவ்வாய் விடிய முதல்ல கோயிலுக்குப் போய்ட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனனான். மூண்டு தேங்காய் உடைச்சன். துண்டுக்கு ஒண்டு."

பின் ஒன்று.

"கோவம் இன்னும் இருக்கு. அந்த ரெண்டாவது வரிக்குப் பதிலா என்ன போடலாம்? எழுதும்."

மாலை பர்ஸானாவோடு கடை. சோயா சோஸ் போத்தலை அவள் வாசித்தாள், பிறகு நான். பழப்புளி, கறுப்பு மிளகு, பாணி கொஞ்சம் கூட. புத்தகங்களை மறுபடி அடுக்கினேன். முதல் துண்டு தாச்சியில்.

புளி கூடிவிட்டது. அரைக்கரண்டி குறைத்துப் பார்க்க வேண்டும்.